ஒரு சாண்

வாலாஜா சுங்கச்சாவடி தாண்டியதும்
தஸ்தகீர் பின்சீட்டில் லேப்டாப்பைத் திறக்கிறான்.
ராத்திரி வண்டிக்குள் இறங்கியிருக்கிறது பதினாலாம் பதிப்பு.
"ஸ்டியரிங்க விடுங்க மேடம்."
விடுகிறேன்.
விடுவதென்றால் முழுக்க அல்ல.
பால் பொங்கப்போகிற அடுப்பருகே
கை எப்படி நிற்குமோ அப்படி,
வளையத்துக்கும் விரலுக்கும் நடுவே
ஒரு காகிதம் நுழையும் இடம்.

பத்து மாதமாக இதுதான்.
வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா,
பள்ளிகொண்டாவிலிருந்து வாலாஜா.
கார் ஓட்டாமல் இருப்பதற்குச் சம்பளம்
என்கிறார் வீட்டுக்காரர்.

நாலாவது பதிப்பு லாரிகளைக் கண்டு மிரண்டது.
ஏழாவது மிரளவில்லை, ஆனால்
மேல்விஷாரம் வளைவில் குடித்தவன் மாதிரி நடந்தது.
ஒன்பதாவதில் நடை தெளிந்தது, மறுபடி லாரி பயம்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதை
அறிக்கையில் எப்படி எழுதுவதென்று தெரியாமல்
ரிக்ரஷன் என்று எழுதினோம்.

சத்துவாச்சாரியில் மாற்றிப் போட்ட கோடும் உண்டு,
அழிக்காமல் விட்ட பழைய கோடும் உண்டு.
எது நிஜமென்று ஒரு விநாடி தவித்து
பழையதன் பின்னால் போகும் கார்.
"கட்டிக்கிட்டது ஒண்ணு, மனசு ஒண்ணு"
என்பான் தஸ்தகீர், இன்னும் கல்யாணம் ஆகாதவன்.
பொய்கை ஓரத்தில் கொள்ளுச்செடியைத் தார்மேல் பரப்பி
போகிற வண்டிகளைப் போரடிக்க வைப்பார்கள்.
கோடே தெரியாது.
பிடி, பிடி என்று கத்தும்.
பிடிப்பேன்.

இதற்கெல்லாம் காரணம் இருந்தது.
இல்லாதது ஒன்றே ஒன்று.
விரிஞ்சிபுரம் பலகைக்கு அப்பால்,
பஞ்சர் கடைக்கு எதிரே, நூல் பிடித்த மாதிரி நேர்ச்சாலை.
அங்கே வந்ததும் கார்
ஒரு சாண் வலப்பக்கம் ஒதுங்கி, திரும்பவும் நேராகும்.
எல்லாப் பதிப்பிலும்.
இருபது சென்டிமீட்டர், காரணம் தெரியவில்லை
என்று பதினோரு முறை எழுதினான் தஸ்தகீர்.

பதினோராவது முறை இறங்கிப் பார்த்தோம்.
குத்தவைத்து, ஒரு கண்ணை மூடி, ஓரக்கோட்டின் நீளத்துக்குப் பார்த்தால்
கோடுதான் வளைந்திருந்தது,
வாசலில் தூங்குகிறவனைத் தாண்டும்போது
ஒருத்தி புடவையை ஒதுக்கிக்கொள்கிற அளவுக்கு.

பஞ்சர் கடை ஏகாம்பரம் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி சொன்னார்:
"கோடு போட வந்தானுங்க. ராவுல லாரி அடிச்ச நாய் ஒண்ணு கெடந்துச்சு.
எடுத்துப் போட ஒருத்தனும் கை வெக்கல.
சுத்திப் போட்டுட்டுப் பூட்டானுங்க."
யாருடைய நாய்?
"யாருதும் இல்ல. இந்த டயருமேல படுத்துக்கும்."
தண்ணீரில் குமிழி வந்தது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார்.

நாய் போய் ரெண்டு வருஷம்.
கார் மட்டும் அதை மிதிக்காமல் போய்க்கொண்டிருந்தது.
சாலைக் குறியீட்டில் பிழை என்று அனுப்பினோம்.
நாய் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்று முதல் சுற்றில்
கார் அந்த இடத்தை நேராகக் கடந்தது.
நூலளவும் அசையவில்லை.
"சரியாயிடுச்சு மேடம்!"
பின்சீட்டில் தொடையைத் தட்டிக்கொண்டான்.
ஆமாம் என்றேன்.
இரண்டாம் சுற்றிலும் நேர்.

மூன்றாம் சுற்றில் பலகை கடந்ததும்
அந்தக் காகித இடைவெளி இல்லாமல் போனது.
ஒரு சாண், வலப்பக்கம்.
பிறகு நேர்.
நான்தான் திருப்பினேன் என்பது
மணி அடித்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.

திரையில்: ஓட்டுநர் குறுக்கீடு. காரணம்?

பள்ளிகொண்டா வரிசையில் நிற்கிறோம்.
முன்னால் கறவை மாடு ஏற்றிய டெம்போவுக்கு
ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை.
"என்ன போடட்டும் மேடம்?"
கண்ணாடியில் தெரிகிறான்,
விரல் விசையின்மேல், தொடாமல்.