சத்தத்தைக் கழற்றுதல்

மே கடைசி. குஷிரோவில் இன்னும் கையுறைக் குளிர்.
பால்கனியில், மண்ணெண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால்
ஒரு வாலாட்டிக் குருவி கூடு வைத்திருந்தது.
நாலு முட்டை, சாம்பல் புள்ளி தெளித்தவை.

படம் எடுக்கலாமென்றால்
இந்த நாட்டுக் கைபேசி எதுவும்
ஊரைக் கூட்டாமல் கண் சிமிட்டாது.
சளக் என்று ஒரு கத்தல்.
குருவி பறந்தால் முட்டை ஆறிப்போகும்.

புதுபோனில் கைவைக்க முடியாது,
பதினாறு தவணை பாக்கி.
எனவே இழுப்பறையில் கிடந்த மடக்குபோன்.
ஒயின் நிறம், வயிறு லேசாக உப்பிய பேட்டரி.
கோபுரங்கள் அதற்குப் பதில் சொல்வதை நிறுத்தி
இரண்டு வருடமாகிறது.
அறுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ரப்பர் பொட்டுகளை ஊசியால் நெம்பினேன்.
அடியில் எள்ளளவு திருகுகள்.
ஐஸ்கட்டித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டுவந்தேன்;
ஆறாவது கம்பளத்தில் விழுந்து
கம்பளமாகிவிட்டது.
குளிர்பெட்டிக் கதவிலிருந்த காந்த நண்டை எடுத்துத்
தரையெல்லாம் மேயவிட்டேன்.
ஒரு கொண்டையூசி வந்தது. ஒரு ஸ்டேப்ளர் முள் வந்தது.

பழைய பஸ் அட்டையை விளிம்பில் செருகி
மெல்ல, இன்னும் மெல்ல,
சிப்பிக்குக் கத்தி வைப்பதுபோல.
பட்.
உடைந்ததா திறந்ததா என்று
சொல்லாத சத்தம்.
திறந்ததுதான்.
உள்ளே பச்சைப் பலகைமேல் சுருண்ட ஒரு தலைமுடி,
எந்த ஆலையில் யாருடையதோ.
கீல் வழியே ஒரு பட்டைக்கம்பி,
மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் மிஞ்சிய
ஒரே பேச்சுவார்த்தை.
அதைத் தொடவில்லை.

ஒலிபெருக்கி ஒரு துவரம்பருப்பு.
பற்றுகோலைச் சூடாக்கி
இரண்டு ஈயப் பொட்டையும் துடைத்தெடுத்தேன்.
பொத்தானை அமுக்கினேன்.
ஊமை.
திரையில் என் முழங்கால்,
சத்தமில்லாத முழங்கால்.

பால்கனிக்கு ஓடி மடக்கைத் திறந்தேன்.
கீல் டக் என்றது.
குருவி எதிர்வீட்டுக் கூரையில்.

மறுபடி மேசை. கீலுக்குள் இருந்த சுருள்வில்
எடுக்கும்போதே துள்ளி
ஹீட்டருக்குப் பின்னால் போனது.
கழுத்து ஒடிந்த போன்
இனித் தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும்.
பெருமையாகத்தான் இருந்தது.

சோதனைக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.
அடுத்த அறையில் நட்சுயோ,
மீன் ஆலையில் இரவு முடித்து வந்த தூக்கம்.
வாய் திறந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு,
மணிக்கட்டில் கழுவ மறந்த ஒற்றைச் செதில்.
படமென்றால் உள்ளங்கையால் முகம் மூடுகிறவள்.
அமுக்கினேன். அசையவில்லை.
இன்னொன்று. அசையவில்லை.
மூன்றாவதற்கு விரல் போகவில்லை.

அந்தக் கத்தலை
எதற்கு உள்ளே வைத்தார்கள் என்று
தட்டிலிருந்த ஐந்து திருகுகளையும்
எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலை எழுந்ததும் நானே காட்டினேன்.
"எப்போ எடுத்தே?"
"தூங்கும்போது."
"அது தெரியுது."
அழிக்கவா? ஆம். இல்லை.
எண் தேய்ந்த பொத்தான்களைப் பார்க்காமலே அமுக்கினாள்,
பழைய வேகம் அவள் கட்டைவிரலில் அப்படியே இருந்தது.
ஆம். ஆம்.
"சத்தத்தைத் திரும்ப வை.
குருவிக்கும் தெரியட்டும்,"
என்றாள் காலணி மாட்டியபடி. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

திரும்பப் பற்றவைத்தேன். ஈயம் கொஞ்சம் கூடுதல்;
உள்ளே ஏதோ கிழிந்திருக்க வேண்டும்.
காலையில் கூட்டின் முன் நின்று அமுக்கினால்
வந்தது சளக் இல்லை,
தொண்டை கட்டிய யாரோ
ம்க்கும் என்று வாசலில் நிற்பதுபோல ஒன்று.

குருவி பறக்கவில்லை.
தலையைச் சாய்த்துப் பார்த்தது.
படத்தில் பாதி மண்ணெண்ணெய்க் குழாய்,
ஓரத்தில் ஒரு கண்.

வில் இன்னும் அகப்படவில்லை.
ரப்பர் பட்டை போட்டு வைத்திருக்கிறேன்.