ஓரக் காற்று

கிழக்கு மொன்டானா. ஜூலை. பதினாலாயிரம் அடி.
வெர்னா டாலெஃப்சன்
ஒற்றைத் திரள்மேகத்தின் இடுப்பில்
விமானத்தைச் செருகினாள்.
பதினோரு வினாடி வெண்மை, உலுக்கல்,
தொடையிலிருந்து நழுவும் பென்சில்.
பிறகு மறுபடி அதே ஈவிரக்கமற்ற நீலம்.

இறக்கை நுனியில் ஒரு லேசர்க் கண்.
கடக்கும் துளி ஒவ்வொன்றும் அதன்முன் மின்னி
தன் பருமனைச் சொல்லிவிட்டுப் போகும்.
நான் பின்னிருக்கையில் கணக்குப்பிள்ளை.

கேள்வி இதுதான்:
விளிம்பைக் கிழித்து வறண்ட காற்று நுழையும்போது
எல்லாத் துளியும் கொஞ்சம் கொஞ்சம் இளைக்குமா?
கலப்பது முந்தினால் அப்படி.
வறட்சி பந்தி பார்க்காமல் எல்லோருக்கும் பரிமாறப்படும்.
உலர்வது முந்தினாலோ,
அந்த நாக்கு நக்கிய இடத்தில் ஒன்றும் மிஞ்சாது;
ஒரு விரற்கடை தள்ளி நின்றவை
மயிரிழையும் குறையாமல் மிதக்கும்.

தாள் சுருள் இறங்கியது.
மேகத்தின் நடுவே பதினெட்டு மைக்ரான்,
ஒரு கன சென்டிமீட்டரில் அறுநூறு துளி.
ஓரத்திலும் பதினெட்டு.
ஆனால் இருநூற்றெழுபதுதான்.

"அளவு குறையலயா?"
"இல்ல. ஆள்தான் பாதி."

துளி என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இடப்பக்கம் சாய்த்தாள்.
கீழே கோதுமைப் பட்டை, தரிசுப் பட்டை, கோதுமைப் பட்டை,
பதினோரு பண்ணைகளைக் கோத்த சரளைச் சாலை.
நான்கில் கூரைமேல் புல்.
மார்ச்சில் ஏலக்காரன் மூன்று தட்டுத் தட்டியதில்
அவள் அண்ணன் ஆர்விடின் டிராக்டர், விதைப்பெட்டி,
சமையலறை மேசைகூடப் போனது.
வேலிக்கு அந்தப் பக்கத்து ஸ்கோக்லண்டுக்கு
ஒரு ஏக்கர் குறையவில்லை.
இப்போது வேலியே இல்லை.

"எல்லாருமே கொஞ்சம் இளைச்சிருக்கலாம்" என்றாள்,
ரேடியோவில் பேசுகிற குரலில்.

மிஞ்சியவை மேலேறினால் போட்டி குறைவு,
பருக்கும், ஒன்றையொன்று விழுங்கும்,
சீக்கிரம் மழையாகலாம் என்றேன்.
கருதுகோள்தான், இன்னும் யாரும் பிடித்துக்காட்டவில்லை.

"சரி. அது யார் மேல பெய்யும்?"

அதற்கு இறக்கையில் கருவி இல்லை.

இன்னொரு முறை போகலாமென்று திரும்பினோம்.
மேகம் இல்லை.
அது நின்றிருந்த இடத்தைக் கடக்கையில்
வெப்பமானி மட்டும்
அரை டிகிரி கீழே இறங்கி ஏறியது.

நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.