மூச்சை விடலாம்

இடது முன்கை, இரண்டு கோணம்.
சீட்டில் டாக்டர் எழுதியது அவ்வளவுதான்.
யோகிதா, வயது ஏழு,
பொதட்டூர்பேட்டைக்கு வடக்கே எல்லைத் தெரு.
ஒரு சாரி நமக்கு, எதிர்ச்சாரி ஆந்திராவுக்கு.
அங்கே தண்ணீர் இந்தப் பக்கக் குழாயில்,
கரண்டு அந்தப் பக்கக் கம்பத்தில்.

அப்பா முனிரத்தினம், விசைத்தறிக்காரர்.
சட்டையில் பஞ்சு, மீசையில் பஞ்சு,
இமையில்கூட ஓர் இழை.
"மாடிப்படியில விழுந்துட்டா சார்" என்றார்
நான் கேட்கும் முன்பே.
அந்தத் தெருவில் மாடி வீடு பார்த்ததில்லை.
ஆனாலும் தலையாட்டினேன்.
தலையாட்டுவது இந்த வேலையில் பாதி.

கையைத் தட்டின் மேல் வைத்ததும்
அவள் தெலுங்கில் சொன்னாள்:
"நான்ன கொட்டலேது."
அப்பா அடிக்கலை.
யாரும் கேட்கவில்லையே, அம்மா.

என் அப்பாவும் அடிப்பார்.
பள்ளியில் சேர்த்த அன்றே வாத்தியாரிடம்
"கண்ணு ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க" என்றார்.
வாத்தியார் சிரித்தார். அம்மா சிரித்தாள்.
நானும் சிரித்ததாக ஞாபகம்.
"அடி உதவுற மாதிரி" என்று தொடங்கினால் போதும்,
மீதிப் பழமொழி எல்லார் வீட்டிலும் இருக்கிறது.
போன ஆடியில் என் மகனுக்கு
பதிமூன்றாம் வாய்ப்பாட்டுக்காக ஓங்கி ஒன்று விட்டேன்.
என் விரல்கள் அவன் கன்னத்தில்
ராத்திரிச் சாப்பாடு வரை இருந்தன.
அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்,
நான் டிவியைப் பார்த்து.
அதனால் நியாயம் பேச எனக்கு வராது.
தெரிந்தது எலும்பு மட்டும்.

படம் வந்தது.
மணிக்கட்டுக்கு மேலே புது முறிவு,
தலைமுடி விழுந்தது போலக் கறுப்பாய்.
நாலு விரற்கடை தள்ளி இன்னொன்று,
ஒட்டிக்கொண்டிருக்கிறது,
சுற்றிலும் வெள்ளைப் புகை.
படியில் விழுகிறவள் ஒரு நாளில் விழுவாள்.
இவள் மாசியிலும் விழுந்திருக்கிறாள்.

சீட்டில் இல்லாததைச் செய்தேன்.
அப்பாவை வெளியே நிற்கச் சொல்லி,
ஈயக் கதவைச் சாத்தி,
நெஞ்சை எடுத்தேன்.
"மூச்சை இழு. பிடி."
பிடித்தாள்.
"விடலாம்."
விடவில்லை.
"வதிலெய்யம்மா."
விடவில்லை.
ஆம்பளைகளே பத்து நொடியில் இருமிவிடும் அறை இது.
எங்கேயோ பழகியிருக்கிறாள்,
கட்டிலுக்கு அடியிலோ, பாவு மூட்டைகளுக்குப் பின்னாலோ.
வெளியே செருப்புச் சத்தம் நகர்ந்த பிறகுதான்
தட்டில் ஆவி படர்ந்தது.

முதுகுப் பக்க விலாவில் மூன்று.
அடுத்தடுத்து,
மணி கோத்தது போல.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"நெஞ்சு நான் எழுதலையே?"
"இல்ல சார்."
பேனாவைத் திறந்தார், மூடினார்,
திறந்தார்.

ஸ்டேஷனில் முதல் கேள்வி:
"எந்தச் சாரி வீடு? அந்தப் பக்கம்னா நகரிக்குப் பேசுங்க."
முனிரத்தினம் அதற்குள் கத்தத் தொடங்கியிருந்தார்.
"என் பொண்ணு, என் சோறு.
தப்பு பண்ணா கண்டிக்கக்கூடாதா?
நீ உன் பிள்ளையை அடிச்சதே இல்லையா?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அடித்திருக்கிறேன் என்றேன்,
நர்ஸ், ஆயா, கட்டுப்போட வந்த கிழவர், எல்லார் முன்னாலும்.
சொல்லிவிட்டுப் படங்களை
அவர் கை எட்டாத பீரோவில் வைத்துப் பூட்டினேன்.
பூட்டும்போது சாவி இரண்டு முறை தவறியது.

போலீசுக்குப் போகும் படிவத்தில்
சம்பவ இடம் என்றொரு கட்டம்.
டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"இடது முன்கை, சார்" என்றேன்.
"பின் விலா. அஞ்சு, ஆறு, ஏழு."

சாயங்காலம் வார்டில் விழித்திருந்தாள்.
யாரோ வாங்கித்தந்த பன் பாக்கெட் மடியில்,
பிரிக்காமல்.
பிரிக்கலாமா என்று
யாரையும் கேட்காமல்.