நான்கு பல்லின் வேலை

மூன்றாம் சனிக்கிழமை.
தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் மடக்குமேசை போடுவோம்.
காப்பி, ஒரு பெட்டி டோனட்,
‘குழந்தை இருக்கை சோதனை, இலவசம்’ என்று
கையால் எழுதிய அட்டை.
மொன்டானாவின் வடக்கு ஓரம். கனடா நாற்பது மைல்.
ஐந்தாறு பேர் வந்தால் கூட்டம்.
சில மாதம் ஒருவரும் இல்லை,
டோனட்டை நாங்களே தின்போம்.

இன்று ஜனெல் பௌவர்.
இடுப்பில் ஓட்டிஸ், பதினான்கு மாதம், நான்கு பல்.
“கடிக்கிறான், கோரா” என்றாள்,
கடன்காரரிடம் பேசும் குரலில்.

பின்கதவைத் திறந்தேன்.
புளித்த பால், பிஸ்கட் தூள்,
கோதுமைக் கிடங்கின் தூசி.
இடத் தோள்பட்டையின் ஓரம்
எச்சில் காய்ந்து விறைத்து
பூனை மீசையாய்ச் சிலிர்த்து நின்றது.
நெஞ்சுக் கொக்கியில் ஒரு மூலையைக் காணோம்.

“அந்தத் துண்டு எங்கே?”
“ரெண்டு நாள் தேடினேன். மூணாம் நாள் டயப்பரில் கிடைத்தது.”
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம்.
இரைப்பைக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி,
இரண்டும் பிரிகிற இடத்தில்
வழிகாட்டிப் பலகை கிடையாது.
அவன் மூச்சுக்குழல்
அவன் சுண்டுவிரல் பருமன்.

பட்டையைச் சுற்றி ஒரு பஞ்சு உறை,
நுனியில் ரப்பர் ஒட்டகச்சிவிங்கி.
“இதைக் கடிக்கட்டுமே என்று
தனியாக வாங்கி மாட்டினேன்.”
கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.
இருக்கையோடு பிறக்காதது எதுவும்
இருக்கையில் ஒட்டக் கூடாது.
ஒட்டகச்சிவிங்கியின் மேல் ஒரு பல்தடம் இல்லை.
பயலுக்கு அசல் சரக்குதான் வேண்டும்.

“வழக்கமாக வைக்கிறபடி அவனை வை, பார்க்கலாம்.”
உப்பிய நீலக் கோட்டோடு உட்கார வைத்தாள்.
கிளிக். கிளிக். இறுக்கமாகத்தான் தெரிந்தது.
“இப்போது கோட்டை மட்டும் கழற்று.
பட்டையின் நீளத்தைத் தொடாமல் திரும்ப மாட்டு.”
மாட்டினாள்.
நெஞ்சுக்கும் பட்டைக்கும் நடுவே
என் முழு முஷ்டி போய் வந்தது.
ஓட்டிஸ் தலை சாய்த்தான்,
குதிரை கடிவாளத்தை ஏற்பதுபோல்
பட்டையை வாயில் வாங்கிக்கொண்டான்.

ஜனெல் கோட்டைப் பார்த்தாள்.
இலையுதிர்காலம் முழுக்கச் சேமித்து வாங்கியது.

நிலையத்தின் இரவல் இருக்கையை ஏற்றினேன்.
கோட்டில்லாமல் உட்கார வைத்து
வாலை இழுத்தேன், இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
கொக்கி அக்குள் மட்டத்துக்கு.
தோளில் பட்டையைக் கிள்ளிப் பார்த்தேன்,
விரலுக்கு மடிப்பு அகப்படவில்லை.
மேலே கம்பளி.
ஓட்டிஸ் குனிந்தான். எட்டவில்லை.
நாக்கை நீட்டினான். அதுவும் எட்டவில்லை.
ஏமாற்றப்பட்ட வியாபாரியின் முகத்தோடு
என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு
கம்பளியின் மூலையைக் கண்டுபிடித்தான்.

“புதுப் பட்டைக்கு, கொக்கிக்கு
இருக்கை செய்த கம்பெனிக்கே எழுதுகிறேன்.
வரும்வரை இது உன்னிடம் இருக்கட்டும்.”
“நாலு பல்லுக்கு இவ்வளவா?”
“நாலு பல்லுக்குத்தான்” என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.

மற்றது இது:
போன டிசம்பர், நெடுஞ்சாலை இரண்டு,
கூரை கீழாய்க் கிடந்த ஒரு பிக்கப்.
உள்ளே பட்டையில் தலைகீழாய்த் தொங்கியபடி
இரண்டு வயதுப் பெண் ஒருத்தி அலறினாள்.
அந்த அலறல்தான் அன்றிரவு கிடைத்த நல்ல சேதி.
ஒரு கையில் அவளைத் தாங்கி
மறுகையால் பட்டையை அறுத்தேன்.
அறுபட மறுத்தது. திட்டினேன் அதை.
அதுவரை அவளைப் பிடித்திருந்ததும்
அந்தப் பிடிவாதம்தான்.

ஜனெல் போனபின்
அவளுடைய பழைய பட்டையை எடுத்தேன்.
குப்பையிலிருந்து யாரும் பொறுக்கி
வேறொரு பிள்ளைக்கு மாட்டிவிடாமல் இருக்க
இரண்டாக வெட்டிப் போடுவது வழக்கம்.
அதே கத்தி.
வலப்பட்டைக்கு ஐந்து இழுப்பு.
இடப்பட்டைக்கு, ஓட்டிஸ் வேலை பார்த்த இடத்தில்,
இரண்டு.

அறுந்த நுனியைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
நடுநாரில் இன்னும் ஈரம்.
பெட்டியில் ஒரு டோனட் மிச்சம் இருந்தது.
அடுத்த வண்டி
பனிக்குள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.