வெறுங்கை முழம்

ஓதம் வற்றிய நேரம்.
படகை விட்டு முழங்கால் சேற்றில் இறங்கி
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
கண்டல் வேர்களுக்கு ஊடே நடந்தேன்.
தோள்பையில் மடிக்கணினி, படிவங்கள்,
டாக்காரில் வாங்கிய நீள ரொட்டி.
இந்தத் தீவில்
சென்ற ஆண்டு எழாமல் போன புகையை
எண்ண வந்திருக்கிறேன்.

லத்தீர் ஜூஃப் கொட்டகையைத் திறந்தான்.
தார்ப்பாயின் கீழே ஜெனரேட்டர்.
பதினோரு வருடம் அதற்கு டீசல் ஊட்டியவன்.
இப்போது பேட்டரி அறையின் சாவி அவன் இடுப்பில்.
"இன்னமும் ராத்திரி இரண்டு மணிக்கு
விழிப்பு வந்துவிடுகிறது,
சத்தம் நின்றுவிட்டதே என்று."

எரிபொருள் ஏட்டைப் புரட்டினேன்.
சுழியம். சுழியம்.
மார்ச்சில் நானூறு லிட்டர்.
"இது ஏன்?"
"புழுதிப்புயல். மூன்று நாள் சூரியனைக் காணோம்.
எழுதிக்கொள்ளுங்கள்."

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
புகையாததற்கு யார் சாட்சி?
அந்த நானூறு லிட்டர்தான்
மற்றச் சுழியங்களை எல்லாம்
என்னை நம்பவைத்தது.

யாண்டே சார் பனிக்கட்டி அறையில் இருந்தாள்.
மீன் செதில் ஒட்டிய கையாலேயே
ஒரு முக்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.
"யார் வாங்குகிறார்கள் இதை?"
"வடக்கே ஒரு சிமென்ட் ஆலை.
சூளையை உடனே அணைக்க முடியவில்லையாம்."
"அவர்கள் புகைப்பதற்கு
நாங்கள் காசு வாங்குகிறோமா?"

வாயில் ரொட்டி இருந்தது.
மெல்வதற்கு வேண்டியதைவிட
அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

வெறுங்கை முழம் போடுமா?
மூன்று முறை வங்கிப் படி ஏறியவள் அவள்.
மூன்று முறையும் அடமானம் கேட்டார்கள்.
கடலையா எழுதித் தருவது?
நான்காம் முறை போனபோது கையில் ஒரு தாள்:
பத்தாண்டுக்கு இங்கே எழாத புகையை
டன் ஒன்றுக்கு ஓர் அரிசி மூட்டை விலையில்
வாங்கிக்கொள்கிறோம் என்று கையெழுத்து.
கடனில் பாதிக்குக்கூட அது வராது.
மீதிப் பாதிக்கு வங்கி துணிய
அது போதுமாயிருந்தது.
மழைக்கு முன் தகடுகள் வந்து இறங்கின,
ஒன்று மட்டும் விரிசலோடு.

"விற்றதை நம் நாட்டுக் கணக்கில்
மறுபடி சேர்க்கக் கூடாது" என்று
விதியை விளக்கத் தொடங்கினேன்.
முடிக்க விடவில்லை.
"விற்ற மீன் என் கூடையில் இருக்காது.
இதைச் சொல்ல அமைச்சகத்துக்கு எத்தனை பக்கம்?"
"நூற்றுப் பத்து."
அவள் சிரித்த சிரிப்பில்
பனிக்கட்டி அறையின் கதவு திறந்தே கிடந்தது.
லத்தீர் ஓடிவந்து சாத்தினான்.

"பத்து வருடம் கழித்து?"
"அதற்குள் அந்தச் சூளையும் அணைந்திருக்க வேண்டும்."
"இருக்க வேண்டும்," என்றாள்,
அந்தச் சொல்லை மட்டும்
தராசுத் தட்டில் வைத்து முள்ளைப் பார்ப்பவள்போல.

இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு டன்.
ஐயம் இருந்தால் குறைத்து எழுது என்பது எங்கள் பாடம்.
புள்ளிக்குப் பின்னால் இருந்ததைச் சேற்றில் விட்டேன்.
கையெழுத்திட்டபோது ஓதம் ஏறிவிட்டது.
கூழைக்கடாக்கள் எழுந்து வழிவிட,
திரும்பிய படகு பெட்ரோலில் ஓடியது.
நீலமாய் ஒரு வால் நீர்மேல் படிந்து வந்தது.
படிவத்தை எடுத்து மறுபடி தேடினேன்.
அதற்குக் கட்டம் இல்லை.