ஆறாவது நிமிடம்

நாற்பத்தியொரு நிமிடக் காணொளி.
கிளாக்ஸ்விக் துறைமுகப் பள்ளியின் மாடியறையில்
மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது.
கப்பலில் முதலுதவி, பாகம் ஒன்று.
என் பெயர் மெல்ல எழும்பி வரும்,
பின்னால் பனி போர்த்த மலை வரும்,
இசைகூடச் சேர்த்திருந்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கற்றல் தளம் எதையும் மறப்பதில்லை.
யார் எப்போது வந்தார், எங்கே நின்றார்,
எந்தக் கேள்வியில் விரல் தயங்கிற்று,
எல்லாவற்றையும் கோடாய் இழுத்துக் காட்டும்.
பத்தொன்பது மாலுமிகள்,
பத்தொன்பது கோடுகள்.
அத்தனையும் ஆறாவது நிமிடத்தில் அறுந்திருந்தன,
ஒரே பாறையில் மோதிய படகுகள்போல.

சோம்பேறிகள் என்றேன் ரன்வாவிடம்.
விழலுக்கு இறைத்திருக்கிறேன் என்றேன்.
நினைவூட்டல் மடல்கள் தாமாகவே போகும்படி செய்தேன்.
முதல் மடல் கனிவு,
இரண்டாவது கண்டிப்பு,
மூன்றாவதில் சிவப்பு எழுத்து.

பதில் ஒன்றே ஒன்று வந்தது.
ஹல்லூர், மீன் அறுக்கும் தளம்,
பேரன்ட்ஸ் கடல், அதிகாலை மூன்று பன்னிரண்டு.
"இரண்டு வலைக்கு நடுவே
அறுத்து, கழுவி, ஐஸ் போட்டது போக
எனக்கு மிஞ்சுவது ஏழு நிமிடம்.
கையுறை கழற்றவே ஒன்று போய்விடும்.
உங்கள் மலை அழகாக இருக்கிறது.
இரத்தம் எப்போது வரும்?"

அன்றிரவு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.
முதலில் இசையை எடுத்தேன்.
பிறகு மலையை.
பிறகு என் பெயரை. அது கொஞ்சம் வலித்தது.
"இப்பாடத்தின் முடிவில் நீங்கள் அறிந்திருப்பவை"
என்று தொடங்கிய எட்டு வரியையும் கடலில் போட்டேன்.
மிச்சம் நின்றது ஒரு படம்,
உள்ளங்கையில் புதைந்த தூண்டில் முள்.
அதன் கீழே
முதலில் என்ன செய்வாய்?

பிடுங்குவேன் என்று தொட்டவனுக்கு
சிவப்புப் பெருக்கல்குறி போடவில்லை.
அடுத்த படத்தைக் காட்டினேன்,
வந்த வழியே திரும்பும் கொக்கி
எதையெல்லாம் கிழித்துக்கொண்டு வரும் என்று.
பிறகு மறுபடியும் அதே கை, அதே கேள்வி.
எத்தனை முறை தவறினாலும் தளம் சலிக்காது.
எனக்கு அந்தப் பொறுமை இல்லை,
அதை அதனிடமே விட்டுவிட்டேன்.

அமைப்புகள் பக்கத்தின் அடியில்
ஒரு சின்னக் கட்டம்.
"இணையமின்றியும் திறக்கலாம்."
இரண்டு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது,
யாரும் தொடாத மிதவை வளையம்போல.
ஒரு சொடுக்கு.
வெட்கமாக இருந்தது.

நாற்பத்தியொரு நிமிடம் எங்கே என்றாள் ரன்வா.
ஒன்பது துண்டு, எதுவும் நாலைத் தாண்டாது என்றேன்.
நேரம் குறைந்தால் சான்றிதழ் செல்லுமா என்றாள்.
தெரியவில்லை.
இன்னும் தெரியவில்லை.

நவம்பரில் கோடுகள் ஆறைத் தாண்டின.
எல்லாம் அல்ல.
இருவர் உள்ளேயே வரவில்லை.
ஒருவர் ஒவ்வொரு பாடத்தையும் பத்தொன்பது நொடியில் கடந்து
ஒன்பது பச்சைக் குறியும் வாங்கிவிட்டார்.
பச்சையை நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை.

நேற்று ஹல்லூர் மறுபடி எழுதினார்.
"மூன்றாம் பாடத்தில் கையுறையைக் கழற்றச் சொல்கிறீர்கள்.
உறைந்த கையுறை கழலாது, வெட்டத்தான் வேண்டும்.
கத்தரி எங்கே தொங்கும் என்று போடுங்கள்."
கூடவே கட்டுப்போட்ட ஒரு கையின் படம்.
யாருடையது என்று சொல்லவில்லை.
கட்டு சுமார்தான், ஆனால் இறுக்கம் சரி.

மூன்றாம் பாடத்தைத் திறந்து
'கழற்று' என்பதை அழித்து
'வெட்டு' என்று எழுதினேன்.
கத்தரிக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.
அந்தத் தளத்தில் நான் நின்றதே இல்லை.
எந்தக் கொக்கி என்று கேட்டு எழுதியாயிற்று.
கப்பல் இப்போது
தொடர்பெல்லைக்கு வெளியே.