பதினாறு, எட்டு

முதல் பருவம், மூன்றாம் தாள்.
பழைய படிகளில் நற்செய்தி
இங்கேயே நின்றுவிடுகிறது என்கிறார் பெர்னதெத் மிஸ்:
கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள்
பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.
மீதி வசனங்களை எழுதியது
பின்னால் வந்த கை.

ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு இல்லை,
மூடுபனி மட்டும்.
இரண்டு மார்க் கேள்வி. குறித்துக்கொண்டேன்.

இரவு அம்மாவிடம் சொன்னேன்.
காப்பிப்பழக் கறை போகாத விரல்களால்
சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்:
யார்கிட்டயும் சொல்லலைன்னா
உங்க மிஸ்ஸுக்கு எப்படித் தெரிஞ்சுது?

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன மார்கழியில்
எஸ்டேட் ஸ்டோர் பக்கமிருந்து ஓடிவந்தாள்,
செருப்பில்லாமல்.
என்ன பார்த்தாள் என்று
இன்றுவரை சொல்லவில்லை.

நோட்டில்
அந்த வசனத்துக்குக் கீழே
நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன்.